செங்கோடு கேட்டார்கள், பொறியாளரே

இந்த ஊரில் வளைகிற சாலை ஒவ்வொன்றும் உங்கள் மூளையில் வளைந்த பிறகே தரையில் வளைந்தது. நேற்று நம் மகளின் நோட்டில் இருந்த ஒரு சின்ன வளைவு மட்டும் உங்களைக் கவிழ்த்துவிட்டது.

y = x² வளைவுக்கு (1, 1) புள்ளியில் செங்கோட்டின், அதாவது தொடுகோட்டுக்குச் செங்குத்தாக நிற்கும் கோட்டின், சாய்வைக் கேட்டிருந்தார்கள். அவள் ஒழுங்காக வகையிட்டு, தொடுகோட்டுக்கு 2, செங்கோட்டுக்கு −1/2 என்று எழுதியிருந்தாள். "ரெண்டுதான்டி விடை, மக்கு! நான் ரோடே போடறவன்" என்று சிவப்புப் பேனாவால் அடித்தீர்கள். தொடுகோட்டோடு நின்றுவிட்டது நீங்கள்தான். புத்தகத்தின் கடைசியில் விடை இருக்கிறது, காலையில் பார்த்தேன்.

கணக்கே வேண்டாம், வேறு பாடம் கொடுங்கள் என்று அவள் எழுதிய விண்ணப்பம் உங்கள் கையெழுத்துக்காக மேசையில் கிடக்கிறது. கையெழுத்தைப் போட்டுத்தான் பாருங்களேன், அப்புறம் தெரியும் சேதி! ஐந்து மணிக்கு வருவாள். கதவைத் திறந்ததும் மன்னிப்புக் கேளுங்கள், சாலைப் பெருமை அப்புறம்.

சாப்பாடு அடுப்பில் இருக்கிறது. சூடாக்க வகையிடத் தேவையில்லை.

பி.கு.: அவள் அழுதுகொண்டு வந்தபோது, "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும், போய் மூஞ்சியைக் கழுவு" என்று சொன்னது நான்.