அறுபட்ட கம்பி

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொடும்போது இது உங்கள் கைக்குக் கிடைத்துவிடும் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் மாமா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். இது அவர் காதில் விழக்கூடாது.

பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ‘அப்பா’ மட்டும் ஒழுங்காக வருகிறது. மற்றதெல்லாம் வெறும் காற்று.

எங்கள் தொல்லியல் துறைக்காக நான் பார்த்துக்கொள்ளும் பழைய கப்புச்சின் மடம் நினைவிருக்கிறதா? வாசலில் தலையை இடித்துக்கொண்டு, “சாமியாருங்க எல்லாம் குள்ளமா என்ன?” என்று கேட்டீர்களே. ஏழையாகவே வாழ்வதாகச் சபதம் எடுத்த துறவிகள், அதனால் அறையும் கதவும் அந்த அளவுதான் என்று சொன்னேன். சிற்பம் இல்லை, பொன்பூச்சு இல்லை. சுண்ணாம்புச் சுவர், நடுமுற்றத்தில் மழைநீர்த் தொட்டி, சுற்றிலும் தாழ்வாரம். அந்த எளிமைக்காகவே அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தார்கள். இப்போது ஒரு ஹோட்டல்காரர் அதை வாங்கியிருக்கிறார். சட்டப்படி ஒரு செங்கல்லைக்கூட அவர் அசைக்க முடியாது. ஆனால் தானாக இடிந்துவிட்டால், பாதுகாக்க அங்கே என்ன இருக்கும்?

உணவுக்கூடத்து வளைவுக் கூரையில் ஒரு விரிசல். அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்திருந்தேன். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். போன வாரம் உடைந்து கிடந்தது. சாரத்தில் ஏறிப் பார்த்தேன். அந்தக் கூரையின் பாரம் சுவர்களை வெளியே தள்ளும்; தள்ளவிடாமல் இரண்டு சுவரையும் இழுத்துப் பிடித்திருப்பவை குறுக்கே ஓடும் இரும்புக் கம்பிகள். அவற்றில் ஒன்று சுவரோரமாக அறுபட்டிருந்தது. துருவால் அல்ல. வெட்டுவாய் புதுசாகப் பளபளத்தது. அடுத்த கம்பியிலும் பாதிவரை ரம்பம் போயிருந்தது.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். “விழட்டும்னு யாரும் சொல்லலம்மா. நீ மேல ஏறிப் பாக்கலைன்னு இருந்துட்டா போதும்” என்றார். மிரட்டவில்லை. அவரும் பயந்துபோயிருந்தார்.

ஏறிப் பார்த்தாயிற்றே, என்ன செய்ய? தச்சரைக் கூட்டிப்போய்க் கூரைக்கு முட்டுக் கொடுத்தேன். முதல் மரத்தை நிமிர்த்தும்போது சுண்ணாம்புத் தூள் தலையில் பொலபொலவென்று கொட்டியது. “மேடம், அசையாதீங்க. மூச்சுகூட மெதுவா விடுங்க” என்றார் தச்சர். எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. கூரை நின்றுவிட்டது. அறுத்த இடத்தைப் படமெடுத்து, இயக்குநரிடமும் போலீசிலும் என் கையாலேயே கொடுத்தேன். கூடத்துக்குச் சீல் வைத்து, வாசலில் காவல் போட்டிருக்கிறார்கள். மடம் பிழைத்துவிட்டது. நான் சந்தோஷப்பட வேண்டும்.

நேற்று வேலை முடிந்து வந்தபோது மாமா உற்சாகமாக இருந்தார். உங்களோடு படித்த நண்பர் ஒருவர் வந்திருந்தாராம். “ரொம்ப மரியாதையான பையன்மா. பாப்பா எந்த ஸ்கூல், யாரு போய்க் கூட்டிட்டு வராங்கன்னு எவ்வளவு அக்கறையா விசாரிச்சான் தெரியுமா?” என்றார். பெயர் கேட்க மறந்துவிட்டாராம். நான் தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

பாப்பாவை இன்று காலையில் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டேன். அண்ணி என் முகத்தைப் பார்த்ததும் பையை வாங்கிக்கொண்டார். மாமாவிடம் பள்ளிக்கு லீவு என்று சொல்லியிருக்கிறேன்.

வந்தவர் உயரமானவராம். இடது புருவத்தில் தழும்பு இருக்கிறதாம். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாராம். உங்களோடு படித்தவர்களில் அப்படி ஒருவர் இருப்பார், இல்லையா? நன்றாக யோசித்துப் பாருங்கள். இருக்கிறார் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவைத் தாழிட்டுக்கொண்டு உங்கள் ஒரு வரிக்குக் காத்திருக்கும்,
உங்களவள்