எங்கள் தெருவுக்குக் கால் மணி நேரம்

9 செப்டம்பர், செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மழை பாவனை காட்டிவிட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஃபேக்டரியில் நாற்காலி ஏற்றுமதித் தாள்கள் ஒரு கட்டு. முடிக்கவில்லை.

மதியம் லிம் போன். எங்கள் ஊர் மூவாரின் பழைய டவுனை டூரிஸ்டுகளுக்கு நடந்து காட்டும் ‘நடை’யை நடத்துகிறவர். சனிக்கிழமைகளில் எனக்கு வழிகாட்டி வேலை கொடுப்பவர். பள்ளிவாசல், ஆற்றங்கரை, சீனர் சங்க வீடு, பழைய கடைவரிசை எல்லாம் அவர் நடையில் உண்டு. எங்கள் தெரு மட்டும் இல்லை. மாதக்கணக்கில் தொணதொணத்ததில் இன்று இறங்கி வந்தார். இந்தச் சனி ஒரே ஒரு தடவை முருகன் கோயிலைச் சேர்க்கலாமாம். கால் மணி நேரம். சரியாக வந்தால் புது புரோஷரில் போடுவார், திங்கள் அச்சுக்குப் போகிறது. வராவிட்டால் நான் இனிமேல் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

சரியாக வரும். வர வைப்பேன்.

11, வியாழன்

வாங்க: ஒலிபெருக்கிக்கு பேட்டரி, இருமல் மிட்டாய், சட்டைப் பொத்தான்.

சமைத்துக்கொண்டே ஒத்திகை. "இந்தக் கோயில் சுவரைத் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு அரைத்துப் பூசியது…" வீட்டுக்காரர் சேகர் (இனி சே.) நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"எத்தன முட்டைன்னு கேட்டா என்னா சொல்லுவ?"

"உங்கள மாதிரி ஆளுங்க வர மாட்டாங்க."

"வருவாங்க லா. காசு குடுத்துட்டு வர்றவன் கேக்காம போவானா?"

விசாரிக்க வேண்டும். இதற்குள் ரசம் பொங்கி அடுப்பெல்லாம் நாசம்.

சாயங்காலம் கோயில். காவல்காரர் முனியாண்டி அண்ணனிடம் பத்தரைக்கு வருவதாகச் சொல்லியாயிற்று. பர்மா தேக்குத் தூண்களை நானே துணி போட்டுத் துடைத்தேன். எதிரே மாவு மில் ராமையா, வழக்கம்போல பனியனோடு, நாற்காலியில்.

"என்னாம்மா, கும்பாபிஷேகமா?"

"டூரிஸ்ட் வராங்க ஐயா, சனிக்கெழம."

"அலமாக்! அப்ப நானும் சட்ட போடணுமே."

13, சனி, காலை

முனியாண்டி அண்ணன் போனில்தான் விழித்தேன். ராமையா நேற்றுச் சாயங்காலம் போய்விட்டார். நெஞ்சு வலி. தெருவை விட்டு நாங்கள் குடிபோன தாமான் குடியிருப்பு வரைக்கும் செய்தி வரவில்லை.

கோயில் பூட்டு. தெருவில் உடல் கிடக்கிறவரை கதவு திறக்காது, பூஜை கிடையாது. எடுக்கப் பதினொன்று ஆகும்.

முதலில் ராமையாவுக்காக ஐயோ என்றிருந்தது. அடுத்த நிமிடமே என் கால் மணி நேரத்துக்காக. வெட்கம்தான். ஆனாலும் வந்தது.

அண்ணன் எனக்கு உதவத்தான் பார்த்தார். "பின்னால சின்னக் கதவு இருக்கும்மா. மண்டபத்த மட்டும் காட்டிட்டுக் கூட்டிட்டுப் போயிரு. யாருக்கும் தெரியாது."

"தெருவுக்கே தெரியும்ண்ணே. வேணாம்."

சட்டென்று சொல்லிவிட்டேன். உடனே லிம்முக்குப் போன் போட்டேன்.

லிம்: "தாக் அப்பா லா, வசந்தி." பரவாயில்லையாம், நேரே காப்பிக் கடைக்குப் போய் நடையை முடித்துவிடலாமாம். வேறு ஒரு சனி கேட்டேன். அச்சுக்கு முன்னால் வேறு சனி ஏது?

நேரே காப்பிக் கடைக்கு வர முடியாது என்றேன். கோயில் பூட்டியிருந்தாலும் தெரு பூட்டவில்லை. அங்கே போய் நிற்பேன். எனக்குக் கொடுத்த நேரம் என்னுடையது.

அதே நாள், மதியம்

ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும்.

இருபது பேருக்கு மேல், பாதி சிங்கப்பூர். தெரு முனையிலேயே ஒலிபெருக்கியை அணைத்துப் பையில் போட்டேன். கோயிலை ஒட்டிய கடைகளின் காக்கி லீமாவில், அந்தக் கூரை போட்ட நடைபாதையில், வரிசையாக நிற்கச் சொன்னேன். போட்டோ வேண்டாம் என்றேன்.

மெதுவாகத்தான் பேசினேன். எதிர் வீட்டில் ஒருவர் இறந்துவிட்டார். எங்களுக்கு இந்தத் தெரு முழுக்க ஒரே வீட்டுக் கணக்கு. அவரை எடுக்கிறவரை சாமிக்கும் விளக்கு இல்லை, சோறு இல்லை. நீங்கள் நிற்கிற இடமும் அப்படித்தான். ஒவ்வொரு கடைக்காரரும் தன் முன்பக்கத்தில் ஐந்தடி விட்டுக் கட்டியது, மழைக்கு யாரும் ஒதுங்கலாம். முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சிங்கப்பூர்ச் சீன அம்மா ஒருவர் கேட்டார், சாமியும் பட்டினியா என்று. ஆமாம் என்றேன். தொப்பியைக் கழற்றிவிட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும்.

மேளச் சத்தம். சைக்கிள் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். துணிக்கடை மலாய்க்கார அம்மா, எங்கள் மாக்சிக், ரேடியோவை அணைத்தார். ராமையாவைத் தூக்கி வந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. வழிகாட்டியாவது ஒன்றாவது. மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். லிம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. காப்பிக் கடையில் சொல்லி வைத்திருந்த மீன் பலகாரம், ஒத்தாக்-ஒத்தாக், ஆறிப்போய் மீன் நாற்றம்.

14, ஞாயிறு

துக்கம் விசாரிக்கப் போனோம், நானும் சே.யும். ராமையா மனைவி சரோஜாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து ஒங்கூட நின்னாங்களே, யாரு வசந்தி அவங்கள்லாம்?"

டூரிஸ்ட் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "நம்ம தெருவ பாக்க வந்தவங்கக்கா."

"தெருவுல பாதிக் கட பூட்டிக் கெடக்கு. இந்த மனுசன அனுப்ப ஆளே இருக்காதேன்னு அதே நெனப்பு எனக்கு. வாசலுக்கு வந்து பாத்தா எதுத்தாப்ல வரிசையா ஆளு. தொப்பிய கழட்டிட்டு நிக்கிறாங்க." என் கையை விடாமலே, "அவருக்குக் கூட்டம்னா புடிக்கும்" என்றார்.

துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது, எழுந்து வந்துவிட வேண்டும். இன்று அந்த வழக்கம் எனக்கு வசதியாக இருந்தது, எழுந்து வந்துவிட்டேன்.

15, திங்கள்

நல்ல மழை. பொத்தான் தைத்தாயிற்று.

லிம் செய்தி. எல்லாருக்கும் மனம் இளகிவிட்டதாம். ஆனால் நேரம் போய்விட்டதாம், லீவு நாளில் வருகிறவர்களுக்குச் சாவைக் காட்ட முடியாதாம், கோயில் எப்போது பூட்டும் என்று யாருக்குத் தெரியும் என்கிறார். புரோஷர் அச்சுக்குப் போய்விட்டது. எங்கள் தெரு இல்லை.

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனாலும் ‘சரி’ என்று ஒரே சொல் பதில் போட்டேன். சே. நம்பவில்லை.

"என்னா, சண்ட போடலையா?"

"பேச்சு எடுக்கக் கூடாதுன்னாரு. எடுக்கல. காப்பிக் கடையில நட முடிஞ்சிருதுல்ல? அதுக்கப்புறம் நான் எங்க போனா அவருக்கு என்னா? என் பின்னாடி யாரு வந்தா அவருக்கு என்னா?"

"யாரு வருவாங்க?"

போனை நீட்டினேன். முதலில் தொப்பியைக் கழற்றிய அந்தச் சிங்கப்பூர் அம்மாவின் செய்தி. வருகிற சனி தங்கையோடு மறுபடி வருகிறாராம். கீழே ஒரே ஒரு கேள்வி: சாமி சாப்பிட்டாரா?

சாப்பிட்டார், வாங்க, காட்டுகிறேன் என்று எழுதினேன். முட்டைக் கணக்கு இன்னும் விசாரிக்கவில்லை.