பதினான்கு கிலோமீட்டர் தூங்கிய மாப்பிள்ளை

மார்ச் 3, செவ்வாய்

நாட்குறிப்பே, நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன்: இனி எழுதப்போவதை எவனும் நம்பமாட்டான். இன்று என் வலைப்பூவுக்கு முடிசூட்டு விழா. பதினோரு வருடமாக உலகையே உலுக்கிவரும் அதற்கு மொத்த வாசகர்கள் ஏழு பேர். அதில் இரண்டு பேர் நானே: வீட்டுக் கணினியில் ஒருவன், நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக் கணினியில் இன்னொருவன்.

தங்கை மகள் வந்து, ஒவ்வொரு பதிவுக்கும் கீழே லைக், ஷேர், கமெண்ட் என்று மூன்று பட்டன் வைத்துக் கொடுத்தாள்.

"என் சட்டைக்கே ரெண்டு பட்டன்தான்டி மிச்சம்."

"சும்மா இருங்க மாமா. இனி உங்க புளுகு ஊரெல்லாம் போகும்."

மார்ச் 5, வியாழன்

படம் இல்லாமல் ஷேர் செய்தால் வெறும் சாம்பல் நிறக் கட்டம்தான் தெரியுமாம். உட்கார்ந்து எல்லாப் பதிவுக்கும் படம் ஒட்டினேன். போன மாதம் எழுதிய 'தூங்கிக்கொண்டே பஸ் ஓட்டிய மகான்' கதைக்கு மாப்பிள்ளையின் படம் – தங்கையின் கணவர், சீருடையில், தன் பஸ் முன்னால். கதையில் ஓட்டுநர் கண்ணை மூடியபடியே பதினான்கு கிலோமீட்டர் போகிறார். அவர் தூக்கம் கலையக்கூடாதென்று அறுபது பயணிகளும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் இறங்குகிறார்கள். பெயர் போடவில்லை. படம் போதுமே.

மார்ச் 6, வெள்ளி

மூன்று லைக். ஒன்று என்னுடையது.

மார்ச் 8, ஞாயிறு

நாலாயிரத்து இருநூறு ஷேர். காலையில் கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே வணக்கம் வைத்தேன்.

கமெண்ட்களை மாலையில்தான் படித்தேன். எவனோ தலைப்பையும் படத்தையும் மட்டும் வெட்டி எடுத்துப் பரப்பியிருக்கிறான். கதையைக் காணோம். பஸ் எண் பளிச்சென்று தெரிகிறது.

'இவன் வேலையைப் பிடுங்குங்க.'

'என் பிள்ளை தினமும் இந்த பஸ்லதான் போகுது.'

இரண்டாவதுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். என்னவென்று எழுத? எழுதி எழுதி அழித்தேன்.

மார்ச் 9, திங்கள்

விசாரணை முடியும்வரை மாப்பிள்ளை வண்டியைத் தொடக்கூடாதாம். தங்கை போன் செய்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன்.

"அண்ணே, பத்தொம்பது வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டுனவரு. யூனிஃபார்ம மாட்டிக்கிட்டு சமையலறையில உக்காந்திருக்காரு. கழட்டச் சொன்னா கழட்ட மாட்டேங்கறாரு. உன் கதைக்கு வேற ஆளே கெடைக்கலையா?"

போனை வைத்துவிட்டு என்னை நானே திட்டிக்கொண்டேன்: என்னடா பண்ணி வெச்சிருக்கே – கெழட்டுப் பயலே.

மார்ச் 10, செவ்வாய்

பதிவை அழித்தேன். அது என் வீட்டை மட்டும்தான் காலி செய்தது. இன்னும் நாலாயிரம் வீட்டில் குடியிருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

டெப்போ மேலாளர் அறை. என் பழைய பதிவுகளையெல்லாம் தங்கை மகள் அச்செடுத்துக் கொடுத்திருந்தாள், மாமா எப்பேர்ப்பட்ட புளுகன் என்பதற்குச் சாட்சியாக. கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மேலாளர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"குளியலறைக் குழாய்ல திமிங்கலம் பிடிச்சது நீங்கதானா?"

"ஆமாங்க."

"எங்க அது?"

"பாவம்னு விட்டுட்டேங்க."

மூலையில் இருந்த குமாஸ்தா சிரித்தார். மேலாளர் சிரிக்கவில்லை.

"சரி. இவர் கண்ண மூடினது?"

மாப்பிள்ளை சுவரோரம் தொப்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் வாய் திறந்தது.

"அதுவும் பொய்தாங்க," என்றேன்.

இரண்டே சொல்லில் நான் எதையும் சொல்லி முடித்தது இதுதான் முதல் தடவை. எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 16, திங்கள்

மாப்பிள்ளை இன்று வண்டி எடுத்துவிட்டார். பட்டன்களைத் தங்கை மகள் கழற்றிவிட்டாள். தங்கை என் போனை எடுப்பதில்லை.

மதியம் மாப்பிள்ளை கடைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"சொல்லிடலாம்னுதான் வாயத் தொறந்தேன் மச்சான். நீங்க முந்திக்கிட்டீங்க."

ஒரு கண்ணாடி ஃபிரேமை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"இனிமே ராத்திரி கண்ணு முழிச்சா மறுநாள் லீவு போட்டுருவேன். நீங்களும் இனிமே என்னப் பத்தி எழுதாதீங்க."

போய்விட்டார்.

பதினான்கு கிலோமீட்டர் பொய். அறுபது பயணிகள் பொய். அன்று வண்டியில் என்னையும் சேர்த்து நாலு பேர். சிறுநீரகக் கல்லுக்காக நான் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று இரவும் கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர். நாலாம் நாள் தன் பஸ்ஸிலேயே என்னை வீட்டுக்கு ஏற்றிப்போனார். அதற்கு நன்றி என்று நேராக எழுத எனக்கு வரவில்லை. எழுத உட்கார்ந்தால் கதையாகத்தான் வந்தது.

சிவப்பு விளக்கில் நின்றிருந்தபோது அவர் கண் மூடியது. பச்சை விழுந்ததும் நான் எழுந்துபோய்த் தோளைத் தட்டினேன்.

அது மட்டும் நடந்தது.