மயாராவின் காது பற்றி நீ கேட்டது

ஃபெய்ரா டி சந்தானா,
ஜனவரி 19

அன்பு மகன் எலியேசருக்கு அம்மா எழுதுவது. போர்ட்டோ குளிரில் நீயும் மருமகளும் பேத்தி மயாராவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி நடமாடுகிறோம். உன் கடிதம் வந்து பதினோரு நாளாகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மயாராவின் விடைத்த காதைப் பார்த்து 'கதவு திறந்த கார்' என்கிறார்கள், ஆறு வயதிலேயே ஆபரேஷன் செய்து காதை ஒட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். தினமும் பேனாவை எடுக்கிறேன், செய் என்றும் எழுத வரவில்லை, செய்யாதே என்றும் எழுத வரவில்லை.

உன் தங்கை டாமரிஸுக்கு நடந்ததை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. பதினைந்தாவது பிறந்தநாள் விருந்துக்குக் கொண்டை போட்டுப் படம் எடுக்க வேண்டும் என்று, காதை ஒட்டவைக்க அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனது நான்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. டாக்டரைக் குறை சொல்லக்கூடாது, கட்டை அவிழ்த்தபோது இரண்டு காதும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. விருந்தில் அவளோடு ஆடிக்கொண்டே அப்பா, "என்னோட சாடைன்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு, அதையும் தச்சுட்டாங்க" என்று சிரித்தார். நாலாம் மாதம் இடது காதுக்குப் பின்னால் தழும்பு தடித்துப் புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. ஊசி போட்டால் அமுங்குகிறது, மறுபடி வருகிறது. வெட்டினால் இன்னும் பெரிதாகலாம், விட்டாலும் வளர்கிறது. சிலர் உடம்புக்கு அப்படி ஆகும் என்று டாக்டர் முன்பே சொன்னார், எனக்குத்தான் ஏறவில்லை. நாலு வருஷமாக இந்த வெயிலில் முடியை விரித்துப் போட்டே திரிகிறாள். என் கை தலைப்பக்கம் போனால் தட்டிவிடுகிறாள். நான் அவள் முகம் பார்க்காமல் பரிமாறுகிறேன், அவள் என் முகம் பார்க்காமல் சாப்பிடுகிறாள்.

நேற்று வேறு வழி தெரியாமல் உன் கடிதத்தை அவளிடமே நீட்டினேன். பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தாள். "செஞ்சுக்கிட்டு நல்லா இருக்கிறவங்க எத்தனையோ பேரும்மா, வேணாம்னு சொல்ல நான் யாரு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "குட்டி என்ன சொல்றான்னு அண்ணன் ஒரு வரிகூட எழுதலையே" என்றாள். உன்னைத்தான் சொல்கிறாள் என்று தலையாட்டினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து மீதிப் பீன்ஸைப் பொறுக்கினேன், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. பிறகு அவளே, "கடிதம் கிடைச்சதும் வர்ற ஞாயித்துக்கிழமை குட்டிய வீடியோ கால்ல கூப்பிடச் சொல்லு. நல்லா வந்த காதையும் காட்டுறேன், மத்ததையும் காட்டுறேன்" என்றாள்.

அதுவரைக்கும் ஆஸ்பத்திரியில் நாள் குறிக்காதே. எப்போது போனாலும் தங்கையின் தழும்பை டாக்டரிடம் மறக்காமல் சொல். மூன்று பேரையும் கடவுள் கண்போலக் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடாதே, அவள் பேசி முடிக்கும்வரை நான் வீட்டில் இருக்கக்கூடாதாம், தெருவில்தான் நிற்பேன்.

உன் அம்மா,
ஜாசிரா