மூன்றாம் புள்ளியின் சேறு

மூன்று வாரங்களுக்கு முன் உன் ஊறுகாய்ப் பாட்டிலை அலமாரியிலிருந்து வெளியே எடுத்தேன். உள்ளே அந்தச் சேறு செங்கல்போல் இறுகிக் கிடந்தது. மூடியின்மேல் உன் கையெழுத்து: 'புள்ளி 3, வைகாசி'. தட்டில் உதிர்த்துக் கொட்டி மழைநீர் ஊற்றினேன். அழுகிய முட்டையின் நாற்றம் எழுந்தது. நீ போய் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, லாஸ்பேட்டையின் இந்த மாடி அறைக்குள் அந்த உப்பங்கழி வந்துவிட்டது.

நாம் இருவரும் சேர்ந்தது நான்கு மாத வேலை ஒன்றில். தேங்காய்த்திட்டுக்கு அப்பால் இருந்த அந்தச் சிறு கழியில் என்ன செடிகள் இருக்கின்றன என்று புள்ளி 1, புள்ளி 2 என்று எண் போட்ட பன்னிரண்டு இடங்களில் பார்த்து எழுதித் தரவேண்டும். மண் கொட்டிச் சாலை போடலாமா என்பதை அதை வைத்து முடிவு செய்வார்கள். குருசுக்குப்பத்துக்காரியான நீ முழங்கால் சேற்றில் நடந்தாய். நான் படகில் உட்கார்ந்து எழுதினேன்.

"ஏ லாஸ்பேட்டை, எறங்குடி. சேறு பட்டா சாயம் போயிடாது."

"எழுதுறதுக்கு ஒரு ஆள் வேணாமா?"

"எழுது, எழுது. நண்டு பொழைச்சிப் போவட்டும்."

அப்போது முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தது. கடல்நீரும் வரவில்லை, ஆற்றுநீரும் வரவில்லை. வெயில் குடித்தது போக மிஞ்சிய நீர் கடலைவிட உப்பாக இருந்தது. உப்புமானியில் பார்த்த பிறகும் நம்பாமல் நீ ஒரு சொட்டை நாக்கில் வைத்துக் காறித் துப்பினாய். அடியில் ஒரு பச்சை இலைகூட இல்லை.

"மார்கழில வந்து பாரு, முடி மாதிரி அலையும்" என்றாய். சிறுவயதில் அப்பாவின் படகிலிருந்து அதைப் பார்த்திருக்கிறாய். மழை பெய்து முகத்துவாரம் உடைய வேண்டும், உப்பு இறங்க வேண்டும். வெள்ளம் கொண்டுவந்த கலங்கல் படிந்து, வெளிச்சம் தரையைத் தொட வேண்டும். அதுவரை விதைகள் சேற்றுக்குள் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாததால் அவை இல்லாமல் போய்விடுவதில்லை.

தாளில் 'செடிப் பரப்பு' என்ற கட்டத்துக்கு வந்தபோது நீ கரையிலிருந்து கத்தினாய்: "சைபர் போடாதடி! கோடு போடு. சைபர் போட்டா செடியே இல்லன்னு ஆயிடும். கோடு போட்டா, இப்போ சொல்ல முடியாது, திரும்ப வந்து பாக்கணும்னு அர்த்தம்."

பன்னிரண்டு கோடுகள் போட்டேன். மூன்றாம் புள்ளியில் நீ ஒரு ஊறுகாய்ப் பாட்டில் நிறையச் சேறு அள்ளிக்கொண்டாய்.

கடைசி நாளில் நீ வரவில்லை. சுத்தப் படியை நான் தனியாகத் தட்டச்சு செய்தேன். "கோடெல்லாம் வேணாம்மா, தாள் திரும்பி வந்துடும். எண்ணாப் போட்டு முடிங்க" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். அதட்டக்கூட இல்லை. எனக்கு வீட்டுக்குப் போகவேண்டும்போல் இருந்தது. பன்னிரண்டு சைபர்கள். கீழே என் கையெழுத்து.

'நீர்த்தாவரம் ஏதும் இல்லை' என்று அறிக்கை வந்தது. அதன் நகலோடு என் வீட்டுக்கு ஓடிவந்தாய். "இன்னாடி இது, ஆபீஸ்ல மாத்திட்டானுங்களா?"

"இருக்கும்" என்றேன். பிறகு உனக்குத் தேநீர் போட்டேன்.

மறுநாள் நீ அங்கே போய்ச் சண்டை போட்டதை அதே மனிதர்தான் எனக்குச் சொன்னார். "அவ அப்படி எழுதமாட்டா. எனக்குத் தெரியும்" என்றாயாம். பாவம் பார்த்து, என் கையெழுத்தை உன்னிடம் காட்டவில்லை என்றும் சொன்னார். நான் அவருக்கு நன்றி சொன்னேன்.

அந்த ஐப்பசியில் நீ மருத்துவமனையில் இருந்தாய். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வந்தேன். நீ கட்டிலுக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுக்கச் சொன்னாய்.

"அம்மா இத ஊறுகாய்க்குக் கழுவிடப் போவுது. நீ வச்சிக்க. தண்ணி ஊத்து. மொளைச்சா எடுத்துட்டுப் போய்க் காட்டு. லாரி வர்றதுக்குள்ள காட்டுடி. நீ போட்ட கோடுதான் சரின்னு அவனுங்களுக்குத் தெரியட்டும்."

தலையாட்டினேன். கார்த்திகையில் நீ போய்விட்டாய். அந்த மழைக்காலம் முழுவதும் பாட்டிலைத் துணிகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன். முளைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் எனக்கு. தை பிறந்ததும் லாரிகள் வந்தன.

இப்போது அங்கே தார்ச்சாலை. அலுவலகம் போகும் வழி அதுதான். மூன்றாம் புள்ளி இருந்த இடத்தில் ஒரு வேகத்தடை இருக்கிறது. வண்டியின் வேகத்தைக் குறைக்கும் ஒவ்வொரு காலையும் உன் குரல் கேட்கிறது. சேற்றைப் பற்றி நீ சொன்ன எதுவும் அப்போது காதில் விழுவதில்லை. "அவ அப்படி எழுதமாட்டா" என்பது மட்டும்தான் விழுகிறது.

இன்று தட்டில் முளைத்திருக்கின்றன. நூலிழைபோல, வெளிறிய பச்சையில், ஏழு.

காட்ட யாரும் இல்லை, நடுவதற்குக் கழியும் இல்லை. ஜன்னல் வெயிலில் நீர் குறைகிறது. குறைந்தால் உப்பு ஏறிவிடும். காலையில் ஒரு தம்ளர், மாலையில் ஒரு தம்ளர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.