சாயங்காலத்தில் பார்த்த நிறம்

அக்கா,

இன்று மத்தியானம் வாசலில் நானும் உங்கள் மகளும் மட்டுமே இருந்தோம். படத்திலிருக்கும் முருகனையும் சேர்த்தால் மூன்று பேர். அவள் இப்போது சாயப் பட்டறையில் துணி நிறம் சரிபார்க்கும் வேலைக்குப் போகிறாள். பையிலிருந்து இரண்டு துண்டு பனியன் துணி எடுத்து நீட்டினாள். இரண்டும் சாம்பல் நிறம். துணியில் குத்தியிருந்த சீட்டில் ‘டஸ்க்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்த வார்த்தையை மறுபடி பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

“எங்கம்மாவே ஒருக்கா நெறத்தத் தப்பாப் பாத்துட்டாங்களாமே சித்தி. எனக்கும் அந்தக் கண்ணுதானே? வேலைய விட்டறலாம்னு பாக்கறேனுங்க.”

நீங்கள் மறைந்து இரண்டு வருடமாகியும் அந்தப் பழி உங்கள் பேரிலேயே நிற்கிறது.

இந்தப் பனியன் ஊரின் ராயபுரத்தில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தபோது, கம்பெனியிலிருந்து வரும் காலரும் துணியும் ஒரே நிறமா என்று பார்த்துக் கட்டுவது நம் இருவருக்கும் வேலை. பொழுது சாய்ந்தபின் நிறம் பார்க்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். அந்தத் தப்பு நடந்த அன்று கிருத்திகை. நீங்கள் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தீர்கள். கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில், மிச்சமிருந்த ‘டஸ்க்’ சாம்பல் துணிக்கட்டை ஜன்னலோர அந்தி வெளிச்சத்தில் பார்த்து நானே கட்டிவிட்டேன். மறுநாள் கம்பெனியில் பிரித்தபோது காலர் பச்சை அடித்தது, துணி நீலம் அடித்தது.

“இதப் பாத்தது யாருங்க?” என்று மேஸ்திரி வாசலில் நின்றார். என் மாமியார் கதவோரம் காது கொடுத்திருந்தார். அவருக்குத் தெரிந்தால் என் வேலையும், உங்களோடு படித்த இங்கிலீஷும் அன்றோடு சரி. “நாந்தான் பாத்தேன்” என்றீர்கள். உங்களுக்குத் துணி வருவது நின்றது.

அன்று மத்தியானமே, நாம் இங்கிலீஷ் படிக்க வாங்கிய பழைய அகராதியோடு வந்தீர்கள்.

“ஏட்டி, இதக் கேளு. டஸ்க்குன்னா மொதல்ல கருத்த நெறத்துக்குத்தான் பேராம். பொறவுதான் அந்திப் பொழுதுக்கு ஆச்சாம். வெள்ளக்காரனே நெறத்தையும் நேரத்தையும் ஒண்ணாக் கலந்துட்டான். நீ எம்மாத்திரம்?”

“சிரிக்காதீங்கக்கா, எனக்கு அழுவாச்சியா வருதுங்க.”

“அழுதா இன்னும் மங்கலாத்தான் தெரியும்.”

இன்று சொல்லிவிட்டேன்: “அது உங்கம்மா இல்ல கண்ணு. நான்.”

அவள் எழுந்து, இரண்டு துண்டுகளையும் வெயிலில் பிடித்தாள். “சித்தி, இது ரெண்டும் ஒண்ணில்லீங்க. இதுல துளி செவப்பு ஓடுது.”

எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போகிறாளாம்.

இப்போதும் விளக்கு வைத்தபின் நான் ஒரு சேலை நிறம்கூட முடிவு செய்வதில்லை. நீங்கள் காத்த ரகசியத்தை மட்டும் இன்று பட்டப்பகலில் உடைத்துவிட்டேன். செய்தது சரிதானா? சீக்கிரம் ஒரு பதில் சொல்லுங்கக்கா.