தவம் அண்ணையின் கை

சனி, ஒக்டோபர் 18.

ஒஷாவா சுடுதளத்தில் இன்றும் தவம் அண்ணையின் குண்டுகள் இலக்கின் நடுவில் படாமல் அங்குமிங்கும் சிதறின. அவர் சொல்லிச் செய்வித்த துவக்கு, நீளத் துப்பாக்கி அது. அதற்கென்றே ஆறு மாதமாக வெடிமருந்தை மணிமணியாக நிறுத்து, தோட்டாக்களைத் தானே அடைக்கிறார். பிழை மருந்தில் இல்லை. குறிபார்க்கும் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் திருகாணி தளர்ந்திருக்கிறது. கோடையிலேயே கண்டேன், சொல்லவில்லை. ஒரு குண்டும் படாத என் இலக்கு அட்டையை எல்லாருக்கும் தூக்கிக் காட்டிச் சிரித்த மனிசன்.

"என்ர மருந்து பிழையோ, ரவி?"

"மருந்து திறம் அண்ணை. உங்கட கைதான் நடுங்குது."

அவர் கையை விரித்து நெடுநேரம் பார்த்தார்.

"ஓம். அப்பாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது. நான் இனிச் சுடமாட்டன். உந்தத் துவக்கை நீ கொண்டு போ."

துவக்கை வாங்கும்போது பார்த்தேன். இப்போது அவர் கை உண்மையாகவே நடுங்கியது.

வீட்டுக்கு வந்து திருகாணியை இறுக்கினேன். அரைச் சுற்றுத்தான்.